கருவி போன பின்னும் நிற்கும் வடிவங்கள்

சென்னையில் எந்தச் செய்தித் தொலைக்காட்சியின் செய்தி அறையில் நின்று கேட்டாலும் பேச்சு ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். ரன்டவுனில் முதல் செய்தி எது, அமைச்சரின் பைட் வந்து சேர்ந்ததா, பேக்கேஜுக்குக் குரல் கொடுத்தாயிற்றா, மேலே போட விசுவல் போதுமா, ஆஸ்டனில் பெயர் பிழையில்லாமல் இருக்கிறதா, களத்தில் நிற்பவர் லைவுக்குத் தயாரா என்று கேள்விகள் பறந்துகொண்டிருக்கும். எந்தச் செய்தி எதற்குப் பின், எத்தனை நொடி என்று வரிசைப்படுத்தும் பட்டியல் ரன்டவுன். ஒருவர் பேசியதிலிருந்து வெட்டி எடுத்த துண்டு பைட். செய்தியாளரின் குரலும் காட்சிகளும் பைட்டுகளும் சேர்த்துத் தொகுத்து முடித்த தனிச் செய்தி பேக்கேஜ். பேசுகிறவரின் பெயரும் பதவியும் திரையின் அடியில் வரும் பட்டை ஆஸ்டன். வேலைக்குச் சேர்ந்த சில நாட்களிலேயே இவையெல்லாம் பயிற்சிச் செய்தியாளரின் வாயில் ஏறிவிடும். செய்தி என்றால் இப்படித்தான் இருக்க முடியும் என்ற எண்ணமும் கூடவே மனத்தில் ஏறிவிடுகிறது.

அந்த எண்ணம் சரியல்ல. தொலைக்காட்சிச் செய்தியின் ஒவ்வொரு வடிவமும் ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஓர் ஊரில், ஒரு கருவியின் குறையைச் சமாளிக்கவோ ஒரு நிறுவனத்தின் அச்சத்தைத் தணிக்கவோ பிறந்தது. கருவி மாறியது, அச்சமும் பழங்கதையானது. வடிவம் மட்டும் தங்கிப் பழக்கமாகி, பிறகு இலக்கணமாகிவிட்டது. இன்று அந்த இலக்கணத்தைப் பின்பற்றுகிறவர்களுக்கு அதன் காரணம் தெரியாது. காரணம் தெரியாத இடத்தில் அதை மாற்றலாம் என்ற யோசனையும் வராது. ஆகவே இந்தத் தொழிலின் அடிப்படைச் சொற்களை அகராதியாகப் படித்தால் போதாது, வரலாறாகவும் படிக்க வேண்டும்.

தொலைக்காட்சிக்குச் செய்தி சொல்லத் தெரிந்து பிறக்கவில்லை. அதற்கு முன்னே இரண்டு மூத்தவர்கள் இருந்தார்கள். வானொலி, குரலால் செய்தியறிக்கை வாசித்தது. திரையரங்குகளில் ஓடிய நியூஸ்ரீல், படத்தால் செய்தி காட்டியது. பிரான்சில் பாத்தே நிறுவனம் 1908இல் தொடங்கிய இந்தப் படச் சுருள்கள் சில நாட்கள் பழைய நிகழ்ச்சிகளையே காட்டின; ஆனால் அணிவகுப்பு, வெள்ளம், விளையாட்டு, அரச விழா என்று கண்ணுக்கு விருந்தாகும் எதையும் விடவில்லை. இந்த இரண்டையும் இணைப்பது எப்படி என்பதில் பி.பி.சி. பட்ட தயக்கம் நமக்கு நல்ல சான்று. 1936 நவம்பரிலேயே லண்டனின் அலெக்சாண்ட்ரா அரண்மனையிலிருந்து தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கிய நிறுவனம் அது. நாள்தோறும் செய்தியறிக்கை தர 1954 ஜூலை 5 வரை அது காத்திருந்தது. அன்று செய்தி வாசித்த ரிச்சர்ட் பேக்கரின் முகம் திரையில் வரவில்லை. அசையாப் படங்களும் வரைபடங்களும் திரையில் இருக்க, குரல் மட்டும் கேட்டது. வாசிப்பவரின் புருவம் உயர்ந்தாலோ உதடு சுழித்தாலோ செய்தியின் நடுநிலை கெட்டுவிடும் என்று நிறுவனம் அஞ்சியது. முகம் காட்டும் கேமரா கையில் இருந்தும் முகத்தை மறைத்தார்கள். 1955 செப்டம்பரில்தான் கென்னத் கெண்டல் திரையில் தோன்றிச் செய்தி வாசித்தார். போட்டி நிறுவனமான ஐ.டி.என். தன் செய்தியறிக்கையைத் தொடங்க அப்போது சில வாரங்களே இருந்தன. ஐ.டி.என். தன் வாசிப்பாளர்களை நியூஸ்கேஸ்டர் என்று அழைத்தது. முதல் நியூஸ்கேஸ்டரான கிறிஸ்டோபர் சாட்டவே ஊரறிந்த ஓட்டப்பந்தய வீரர். செய்தியைத் தாமே எழுதித் திருத்தி, தம் நடையில் சொல்லும் உரிமை இவர்களுக்கு இருந்தது.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை தெளிகிறது. பி.பி.சி.யிடமும் ஐ.டி.என்.னிடமும் இருந்தது ஏறத்தாழ ஒரே வகைக் கருவிதான். ஆனால் ஒருவர் முகத்தை மறைத்தார், மற்றவர் முன்னிறுத்தினார். கருவி ஒரு சிக்கலை மட்டுமே கொடுக்கிறது. விடையை மனிதர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். எனவே தொழில்நுட்பம் எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு காலத்துத் தேர்வு, அந்தக் காலம் போன பிறகும் தேர்வாகவே தெரியாமல் தொடர்வதுதான் இங்கே பேச்சு.

ஆங்கர் என்ற பதவியின் கதை இதை இன்னும் தெளிவாக்கும். 1951 செப்டம்பரில் அமெரிக்காவின் இரண்டு கடற்கரைகளையும் கம்பியும் நுண்ணலைக் கோபுரங்களும் இணைத்தன. ஒரே காட்சியை நாடு முழுவதும் அதே நொடியில் காட்ட முடிந்தது. அடுத்த ஆண்டு கோடையில் இரண்டு பெரிய கட்சிகளும் குடியரசுத் தலைவர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கச் சிகாகோவில் கூடின. மாநாட்டு அரங்கின் பல மூலைகளில் செய்தியாளர்கள், கேமராக்கள். ஒரே நேரத்தில் பத்து இடங்களில் பேரம். இவற்றையெல்லாம் ஓரிடத்தில் உட்கார்ந்து வாங்கி, கோத்து, பார்வையாளருக்குச் சொல்ல ஓர் ஆள் சி.பி.எஸ். நிறுவனத்துக்குத் தேவைப்பட்டது. அந்த இருக்கையில் வால்டர் கிராங்கைட் உட்கார்ந்தார். ஆங்கர்மேன் என்ற பெயரை அவருக்குச் சூட்டியவர்களாகச் சிக் மிக்கெல்சன், டான் ஹூவிட் என்ற இருவரும் சொல்லப்படுகிறார்கள். பெயர் யாருடையதாக இருந்தாலும் வேலை தெளிவானது: முன்கூட்டி எழுத முடியாத, மணிக்கணக்கில் நீளும் ஒரு நேரடி நிகழ்ச்சியைச் சிதறாமல் பிடித்துக்கொள்வது. அதற்கு அரசியல் அறிவும் நினைவாற்றலும் தேவை. ஆனால் மாநாடு முடிந்த பிறகும் அந்த இருக்கை இருந்தது. ஒவ்வொரு சொல்லும் எழுதித் தயாரான, எந்தத் திருப்பமும் நேராத தினசரிச் செய்தியறிக்கைக்கும் ஆங்கர் வந்து உட்கார்ந்தார். திடீர் நிகழ்ச்சியை ஆள்வதற்கென்று உருவான அதிகாரம், எழுதிவைத்ததை வாசிக்கும் வேலைக்கு இடம்பெயர்ந்தது.

அந்த இடப்பெயர்ச்சிக்குத் துணை நின்றது டெலிபிராம்ப்டர். 1950இல் அமெரிக்காவில் நாடக நடிகர்களுக்கு வசனம் காட்டப் பிறந்த கருவி இது. முதலில் கேமராவின் பக்கத்தில் சுழலும் காகிதச் சுருளாக இருந்தது. பிறகு, லென்சுக்கு முன்னால் சாய்த்துவைத்த கண்ணாடியில் எழுத்து பிரதிபலிக்கும்படி அமைத்தார்கள். எழுத்து வாசிப்பவருக்குத் தெரியும். கண்ணாடியின் பின்னால் இருக்கும் கேமராவுக்குத் தெரியாது. தாளைக் குனிந்து பார்த்து நிமிர்ந்து வாசித்தபோது, இவர் யாரோ எழுதியதைப் படிக்கிறார் என்று பார்ப்பவருக்குப் புரிந்தது. கண்ணாடி வந்த பிறகு அவர் நம் கண்ணைப் பார்த்துத் தாம் அறிந்ததைச் சொல்கிறார் என்ற தோற்றம் கிடைத்தது. பி.பி.சி. 1954இல் அஞ்சியது முகபாவத்துக்கு. உண்மையில் வந்து சேர்ந்தது அதைவிட ஆழமான மாற்றம்: செய்தியின் நம்பகத்தன்மை, அதைத் திரட்டியவரிடமிருந்து விலகி, அதைச் சொல்கிற முகத்துக்குப் போனது. இன்றைய விவாத நிகழ்ச்சிகளில் நெறியாளரின் பெயரும் படமுமே நிகழ்ச்சியின் விளம்பரமாக இருப்பது இந்த மாற்றத்தின் தொடர்ச்சி.

முகத்திலிருந்து படத்துக்கு வருவோம். 1950களிலிருந்து 1970களின் நடுப்பகுதி வரை களச் செய்தி என்றால் 16 மில்லிமீட்டர் ஃபிலிம். படம் எடுத்து, சுருளை நிலையத்துக்குக் கொண்டுவந்து, கழுவி, உலர்த்தி, வெட்டி ஒட்டி, புரொஜெக்டரில் ஓட்டி, அதைக் கேமராவால் பிடித்து ஒளிபரப்ப வேண்டும். பேச்சையும் சேர்த்துப் பதிவு செய்ய, ஃபிலிமின் ஓரத்தில் காந்தப் பட்டை இருந்தது. ஆனால் படம் ஒளிரும் வாயிலும் ஒலியைப் படிக்கும் முனையும் புரொஜெக்டருக்குள் ஒரே இடத்தில் இருக்க முடியாது. படம் விட்டுவிட்டு நகர வேண்டும். ஒலிக்குச் சீரான ஓட்டம் வேண்டும். ஆகவே ஒரு சட்டத்துக்குரிய (அதாவது ஃபிலிமின் ஒரு ஃப்ரேமுக்குரிய) ஒலி அந்தச் சட்டத்தின் பக்கத்தில் பதிவாகாமல், 28 சட்டம் முன்னால் பதிவாகும். நொடிக்கு 24 சட்டம் ஓடும்போது இது ஒரு நொடிக்குச் சற்று அதிகம். விளைவு என்ன? பேச்சின் ஒரு பகுதியை எடுத்து இன்னொரு பகுதியோடு ஒட்டினால், வெட்டு வந்த இடத்தில் ஒரு நொடிக்கு மேல் படத்தில் உதடு ஒன்று பேசும், காதில் வேறொன்று விழும். பேச்சாளரின் வாய் சத்தத்தோடு ஒட்டாமல் அசையும் அந்த ஒரு நொடியை மறைத்தே ஆக வேண்டும். அதற்காக இரண்டு புரொஜெக்டர்களை ஒன்றாக ஓட்டினார்கள். முதல் சுருள் ஏ-ரோல், அதில் பேச்சு. இரண்டாவது பி-ரோல், அதில் கூட்டம், கட்டடம், மேசைமேல் கை, குறிப்பெடுக்கும் நிருபர் என்று பேச்சில்லாத காட்சிகள். வெட்டு வரும் நொடியில் இயக்குநர் இரண்டாவது புரொஜெக்டருக்குத் தாவுவார். உதடு சரியானதும் திரும்புவார்.

ஒட்டு மறைக்கப் பிறந்த இந்த வழக்கம்தான் இன்றுவரை பி-ரோல் என்ற பெயரில் வாழ்கிறது. கணினித் தொகுப்பில் ஒலியும் படமும் ஒரு சட்டம்கூட விலகாமல் வெட்டலாம். மறைக்கவேண்டிய தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. ஆனாலும் ஒருவர் பேச்சில் இரண்டு இடங்களை ஒட்டும்போது தொகுப்பாளரின் கை தானாகவே ஒரு பொதுக்காட்சியை மேலே இழுத்துப் போடுகிறது. இதில் ஓர் அறம் சார்ந்த கேள்வி ஒளிந்திருக்கிறது. அன்றைக்கு மறைத்தது புரொஜெக்டரின் குறையை. இன்றைக்கு மறைப்பது, இந்த இடத்தில் பேச்சு வெட்டப்பட்டிருக்கிறது என்ற செய்தியையே. அமைச்சர் ஒரு வாக்கியம் சொல்லி, இடையில் நிபந்தனை ஒன்றைச் சேர்த்து, பிறகு இன்னொரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். நிபந்தனை போய், முதலும் கடையும் ஒட்டி, மேலே தலைமைச் செயலகக் கட்டடம் மூன்று நொடி ஓடினால், பார்ப்பவருக்கு அது தொடர்ச்சியான பேச்சு. வெட்டு தெரியும்படி விடுவது கண்ணை உறுத்தும் என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்த உறுத்தல் பார்வையாளருக்குச் சேரவேண்டிய தகவல்.

அடுத்து பைட்டின் நீளம். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் செய்திகளில் வேட்பாளர்கள் தம் குரலில் தடையில்லாமல் பேசிய துண்டுகளின் சராசரி நீளத்தை டேனியல் ஹாலின் என்ற ஆய்வாளர் அளந்தார். 1968இல் அது சுமார் 43 நொடி. 1988இல் சுமார் 9 நொடி. கிகு அடாட்டோ என்பவர் தனியாக அளந்ததும் ஏறக்குறைய இதே கணக்கைக் காட்டியது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் என்ன நடந்தது? ஃபிலிம் போய் வீடியோ டேப் வந்தது. ஆம்பெக்ஸ் நிறுவனம் 1956இல் அறிமுகம் செய்த முதல் டேப் கருவி, களத்துக்குத் தூக்கிப்போக முடியாத பெரிய பெட்டி; அதன் இரண்டு அங்குல நாடாவை அந்நாளில் பிளேடால் வெட்டி ஒட்டினார்கள். 1971இல் சோனியின் யூ-மேட்டிக் கேசட் வந்தது; 1976இல் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் தோளில் சுமக்கும் டி.கே.-76 கேமரா வந்தது. கழுவ வேண்டாம், உலர்த்த வேண்டாம்; பொத்தானை அழுத்தினால் வெட்டும் ஒட்டும் முடிந்தது. எளிதில் வெட்ட முடிந்ததும் நிறைய வெட்டினார்கள் என்பது கதையின் ஒரு பாதி.

இங்கே ஒரு மறுப்பு வரும், அது வலுவானது. பைட் சுருங்கியதற்குக் கருவி காரணமல்ல, அரசியல் காரணம் என்பார்கள். வியட்நாம் போருக்கும் வாட்டர்கேட்டுக்கும் பிறகு செய்தியாளர்கள் தலைவர்களின் பேச்சை அப்படியே ஒப்பிக்க மறுத்தார்கள். குறுக்கே புகுந்து விளக்கம் சொன்னார்கள். அதனால் தலைவரின் பங்கு குறைந்து செய்தியாளரின் பங்கு கூடியது. ஹாலினே பழைய முறையைப் பொற்காலம் என்று கொண்டாடவில்லை. அந்நாளைய நீண்ட துண்டுகள் பலவும் சாரமற்றவை, செய்தியாளரின் அலசல் கூடியதில் நன்மையும் உண்டு என்பதை அவர் ஒப்புக்கொண்டார். மறுப்பை நான் ஏற்கிறேன். சுருக்கத்துக்கு அன்று நியாயம் இருந்தது. இன்னொரு நியாயமும் இருந்தது: நேரம். அமெரிக்க வலையமைப்புகளின் மாலைச் செய்தியறிக்கை 1963 செப்டம்பர் வரை வெறும் 15 நிமிடம். அதன் பிறகும் விளம்பரம் உட்பட அரை மணிதான். அந்தக் கட்டுக்குள் நாடும் உலகமும் அடங்க வேண்டும். ஆனால் இந்த இரண்டு நியாயங்களுமே இன்றைய 24 மணி நேரச் செய்தி அலைவரிசைக்குப் பொருந்தவில்லையே. அங்கே நேரத்துக்குப் பஞ்சமில்லை. அலசலுக்காகச் சுருக்கினோம் என்றும் சொல்ல முடியாது, ஏனெனில் அதே பத்து நொடித் துண்டு காலையிலிருந்து இரவு வரை எந்த அலசலும் சேராமல் திரும்பத் திரும்ப ஓடுகிறது. அரை மணி நேரத்துக்காகத் தைத்த சட்டையை ஒரு நாள் முழுக்க நீளும் உடம்புக்குப் போட்டுவிட்டுக் கை ஏன் ஏறவில்லை என்று நாம் கேட்பதில்லை. காரணம் போன பிறகும் வடிவம் நிற்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.

இந்தியாவின் அனுபவம் இந்த வாதத்துக்கு இன்னொரு பக்கத்திலிருந்து வலுச் சேர்க்கிறது. டெல்லியில் 1959 செப்டம்பர் 15 அன்று சோதனை ஒளிபரப்பு தொடங்கியது. 1965இல் தினசரி ஒளிபரப்போடு ஐந்து நிமிடச் செய்தியறிக்கையும் வந்தது. பிரதிமா புரி அதை வாசித்தார். சென்னையில் நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று திறந்தது. 1976 ஏப்ரல் வரை தொலைக்காட்சி, அகில இந்திய வானொலியின் ஒரு பகுதியாகவே இருந்தது. அதனால் செய்தியறிக்கையின் உடலும் உயிரும் வானொலியுடையவை: தெளிவான உச்சரிப்பு, அளந்த வேகம், அரசு நிகழ்ச்சிகளின் வரிசை. ஷோபனா ரவி போன்ற வாசிப்பாளர்கள் தமிழ் இல்லங்களில் பெற்ற மதிப்பு, முதலில் உச்சரிப்புக்குக் கிடைத்த மதிப்பு. அவர்களைச் செய்தி வாசிப்பாளர் என்றே அழைத்தோம். வாசிப்பதே அவர்கள் வேலை என்பதை அந்தப் பெயர் மறைக்கவில்லை. 1990களில் தனியார் அலைவரிசைகள் வந்தன. சன் டிவி 1993 ஏப்ரல் 14 அன்று தொடங்கியது. இந்தியில் ஆஜ் தக் 1995இல் தூர்தர்ஷனின் இரண்டாவது அலைவரிசையில் 20 நிமிட நிகழ்ச்சியாகப் பிறந்து, 2000 டிசம்பர் 31 அன்று 24 மணி நேர அலைவரிசையானது. அலைக்கற்றை பொதுமக்களின் சொத்து, அரசின் தனியுடைமை அல்ல என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1995 பிப்ரவரியில் வந்திருந்தது. தனியார் செய்தி அறைகள் நிரம்பிய அந்த ஆண்டுகளில், மேற்கே அரை நூற்றாண்டாக ஒவ்வொன்றாய்ச் சேர்ந்த வடிவங்கள் அனைத்தும் இங்கே ஒரே மூட்டையாக வந்து இறங்கின. ஏ-ரோல் ஓட்டிய புரொஜெக்டர் வரவில்லை, பி-ரோல் வந்தது. எழுத்துப் பட்டை போடும் பிரிட்டிஷ் கருவி ஒன்றின் நிறுவனப் பெயர் ஆஸ்டன். அமெரிக்கர்கள் அதே பட்டையைத் தங்கள் ஊர் நிறுவனத்தின் பெயரால் கைரான் என்பார்கள். இன்று எந்த மென்பொருள் அந்தப் பட்டையைப் போட்டாலும் சென்னையில் அது ஆஸ்டன்தான். சிக்கலைச் சந்திக்காதவர்கள் விடையை மட்டும் பெற்றுக்கொண்டார்கள். ஆகவே அது விடை என்பதே தெரியாமல் போனது.

இனி நேரலையும் திரையடியில் ஓடும் எழுத்தும். இவை இரண்டும் இன்றைய செய்தித் திரையின் முகவரி போலாகிவிட்டவை. 1974இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர நிலையமான கே.எம்.ஓ.எக்ஸ். ஃபிலிமைக் கைவிட்டு மின்னணுச் செய்தி சேகரிப்புக்கு மாறியது. அதே ஆண்டு மே 17 அன்று லாஸ் ஏஞ்சலஸில் காவல்துறைக்கும் ஓர் ஆயுதக் குழுவுக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டையைக் கே.என்.எக்ஸ்.டி. நிலையம் சிறிய கேமராவால் நேரடியாகக் காட்டியது. நடந்து முடிந்ததைச் சொல்வது என்ற செய்தியின் பழைய பொருள் அன்றோடு அசைந்தது. என்ன நடக்கிறது என்று செய்தியாளருக்கே தெரியாத நொடியைப் பார்வையாளரும் கூடவே பார்க்கலாம். 1980 ஜூனில் சி.என்.என். தொடங்கியபோது இந்த வசதிக்கு நாள் முழுவதும் இடம் கிடைத்தது. திரையடியில் ஓடும் டிக்கரின் மூலம் இன்னும் பழையது. பங்கு விலைகளைக் காகித நாடாவில் அச்சிட 1867இல் எட்வர்ட் கலாஹன் செய்த தந்திக் கருவி அதன் பெயருக்குக் காரணம். நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் கட்டடத்தைச் சுற்றி மின்விளக்கு எழுத்துகள் 1928இலேயே ஓடின. தொலைக்காட்சிச் செய்தியில் அது பெரும்பாலும் புயல் எச்சரிக்கைக்கோ தேர்தல் முடிவுக்கோதான் வரும். 2001 செப்டம்பர் 11 காலை, ஒரே நேரத்தில் சொல்லவேண்டிய தகவல்கள் ஒரு வாயில் அடங்காதபோது, அமெரிக்கச் செய்தி அலைவரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக அதை ஓடவிட்டன. அது நெருக்கடிக்கான ஏற்பாடு. நெருக்கடி ஓய்ந்தது, டிக்கர் ஓயவில்லை. உலகெங்கும், நம் ஊர் உட்பட, செய்தித் திரை என்றால் அடியில் எழுத்து ஓட வேண்டும் என்றானது. பிரேக்கிங் நியூஸ் என்ற சிவப்புப் பட்டைக்கும் இதே கதிதான் நேர்ந்தது: ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியை நிறுத்திச் சொல்லும் அளவுக்குப் பெரிய செய்தி என்பது அதன் பொருள். நிறுத்துவதற்கு வேறு நிகழ்ச்சியே இல்லாத அலைவரிசையில் அது என்ன பொருள் தரும்?

டிக்கருக்கு ஆதரவாகச் சொல்லக்கூடியது உண்டு. அதை மறைக்கக் கூடாது. சத்தத்தைக் குறைத்துவைத்திருக்கும் தேநீர்க் கடையிலும் பேருந்து நிலையத்திலும் அதுதான் செய்தி. காது கேளாதவருக்கும், பாதியில் வந்து உட்காருகிறவருக்கும் அது உதவுகிறது. வாசிக்கத் தெரிந்தவர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும் உரிமையை அது தருகிறது. இந்தப் பயன்கள் எதுவும் 2001இல் அதை ஓடவிட்டவர்கள் எண்ணிச் செய்தவை அல்ல. ஆனால் உண்மையான பயன்கள். நான் கேட்பது வடிவங்களை ஒழிக்க வேண்டும் என்பதல்ல. எந்தப் பயனுக்காக ஒரு வடிவத்தை வைத்திருக்கிறோம் என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதே. தேநீர்க் கடைக்காக என்றால் எழுத்து மெதுவாக, பெரிதாக, பிழையின்றி ஓட வேண்டும்; காது கேளாதவருக்காக என்றால் வாசிப்பவர் சொல்வதோடு அது ஒத்துப்போக வேண்டும். பழக்கத்துக்காக மட்டும் ஓடும்போது இவற்றைப் பற்றிய அக்கறை யாருக்கும் எழாது.

இன்னொரு மறுப்பு செய்தி அறையின் உள்ளிருந்தே வரும். இவை வெறும் தொழிற்சொற்கள். கொத்தனாருக்கும் தச்சருக்கும் இருப்பதுபோல் எங்களுக்கும் உண்டு. எட்டு மணிச் செய்திக்கு ஏழு ஐம்பதுக்குப் படம் வந்து சேரும்போது ஒரே சொல்லில் எல்லோருக்கும் விளங்க வேண்டும். அப்போது வரலாறு பேச நேரமில்லை என்பார்கள். அந்த அவசரத்தின் நியாயம் எனக்கு விளங்குகிறது. பொதுச் சொல் இல்லாமல் ஒரு செய்தியறிக்கையும் ஒளியேறாது. ஆனால் அவசரத்தில் எடுக்கும் முடிவுகள்தான் பழக்கத்தை அதிகம் நம்பியிருக்கின்றன; ஆகவே அவசரம் இல்லாத நேரத்தில் அந்தப் பழக்கத்தைச் சோதித்திருக்க வேண்டும். சோதிக்காததன் விலை என்ன என்பதை 2008 நவம்பர் 26 முதல் 29 வரை மும்பையில் பார்த்தோம். பயங்கரவாதிகள் ஓட்டல்களிலும் யூத மையத்திலும் பதுங்கியிருக்க, பாதுகாப்புப் படையின் நகர்வுகளை அலைவரிசைகள் நேரலையில் காட்டின. எல்லைக்கு அப்பாலிருந்து அவர்களை இயக்கியவர்கள் தொலைக்காட்சியைப் பார்த்தபடி தொலைபேசியில் கட்டளையிட்டார்கள். நேரலை வந்துவிட்டால் போட வேண்டும் என்ற அனிச்சைக்கு அப்போது எதிர்க்கேள்வி இருக்கவில்லை. 2012இல் அந்தத் தாக்குதல் குறித்த கசாப் வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அந்த ஒளிபரப்பைக் கடுமையாகக் கண்டித்தது. 2015இல் கேபிள் தொலைக்காட்சி விதிகள் திருத்தப்பட்டு, பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கை முடியும்வரை நேரலை கூடாது, அரசு நியமிக்கும் அதிகாரி அவ்வப்போது தரும் விவரங்களே போதும் என்றானது.

அந்த விதியை எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். எது நடவடிக்கை, எப்போது முடிந்தது என்பதை அரசே சொல்லும்போது, செய்தியைக் கட்டுப்படுத்தும் கருவியாகவும் அது மாறலாம். ஆனாலும் அது ஒன்றை நிரூபித்தது: இயற்கை நியதி போலத் தோன்றிய நேரலையையும் நிறுத்த முடியும், நிறுத்தினால் செய்தி செத்துவிடாது. செய்தி அறைகள் தாமாகச் செய்யாததைச் சட்டம் செய்தது. ஒரு தொழில் தன் வடிவங்களைத் தானே கேள்வி கேட்காவிட்டால், வெளியிலிருந்து யாரோ வந்து தம் நோக்கத்துக்கு ஏற்ப அதைக் கேட்பார்கள்.

இணையமும் கைபேசியும் வந்துவிட்டன, தொலைக்காட்சியின் பழைய வடிவங்களைப் பற்றி இனி என்ன பேச்சு என்று கேட்கலாம். ஆனால் புதிய ஊடகம் புதிய வடிவத்தோடு வரவில்லை என்பதுதான் கண்முன் நடப்பது. வீட்டு அறையிலிருந்து செய்தி சொல்லும் யூடியூப் அலைவரிசையும் ஆங்கர் மேசை போடுகிறது, சிவப்புப் பட்டை ஓட்டுகிறது, பத்து நொடி பைட் வெட்டுகிறது, கைபேசித் திரையில் பிராம்ப்டர் வைத்துக் கண்ணைப் பார்க்கிறது. எந்த நேரக் கட்டும், எந்த இயந்திரக் குறையும் இல்லாத இடத்தில், அந்தக் கட்டுகளுக்கும் குறைகளுக்கும் பிறந்த வடிவங்கள் முன்பைவிட உறுதியாக நிற்கின்றன. நியூஸ்ரீலையும் வானொலியையும் பார்த்துத் தொலைக்காட்சி நடை பழகியதுபோலவே இதுவும் நடக்கிறது; அப்போதும் தேர்ந்தெடுக்க இடமிருந்தது, இப்போதும் இருக்கிறது.

எனவே தமிழில் இதழியல் கற்பிக்கும் கல்லூரிகளும், புதியவர்களைப் பழக்கும் செய்தி அறைகளும் ஒன்றைச் செய்யலாம். பைட் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்கும்போதே 43 நொடி 9 நொடியான கதையையும் சொல்ல வேண்டும். பி-ரோல் போடக் கற்றுக்கொடுக்கும் அன்றே, அது மறைத்த 28 சட்டத்தையும், இன்று அது எதை மறைக்கிறது என்பதையும் காட்ட வேண்டும். வேட்பாளர் ஒருவரின் பதிலை நாற்பது நொடி வெட்டாமல் ஓடவிட்டுப் பார்க்கலாம். வெட்டிய இடத்தை மறைக்காமல் விட்டுப் பார்க்கலாம். பிரேக்கிங் பட்டையை உண்மையிலேயே உடனடியான செய்திக்கு மட்டும் ஒதுக்கலாம். இவை எதற்கும் புதுக் கருவி வேண்டாம், பெரும் பணமும் வேண்டாம். தன் கையில் இருக்கும் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு பிறப்பும் அதற்கொரு காரணமும் உண்டு என்று தெரிந்த செய்தியாளர் வேண்டும். அந்தக் காரணம் இன்றும் செல்லுமா என்று எட்டு மணிச் செய்திக்கு முந்தைய பகல் பொழுதில் கேட்கும் ஆசிரியரும் வேண்டும்.